காலுக்குத்தான்

காலுக்கு என்று சொல்லித்தான்
இரண்டு வருசம் களிம்பு வாங்கினேன்.
செக்கானூரணி மெடிக்கலில் நிற்பவன்
என் மகனோடு படித்த பையன்.
"எந்தக் கால் அத்தை?"
ஒரு தடவை இடது என்றேன்.
மறு தடவை, மறந்துபோய், வலது.
மூன்றாம் மாதம் அவன்
கண்ணாடிப் பெட்டிக்கு மேலாக எட்டி
என் பாதத்தைப் பார்த்தான்.
அதன்பிறகு விரலிடுக்கில்
மஞ்சள் அப்பிக்கொண்டு போனேன்.

ரேசன் கடையில் எடை போடுகிறவள் நான்.
இருபது கிலோவில் நூறு கிராம் குறைந்தால்
தராசுக்கு முன்னால் என் கை சொல்லிவிடும்.
அங்கே மிளகளவு தடித்ததையும்
கைதான் முதலில் சொன்னது.
வாய்தான் பதிவேட்டில் ஏற்றவில்லை.

ராத்திரிதான் அரிப்பு.
கொல்லையில் செம்புத் தண்ணீரோடு
குத்தவைத்திருப்பேன்.
தேனி பஸ்ஸின் வெளிச்சம்
சுவரில் ஏறும், இறங்கும்.
உடம்பு அரிக்கிறது என்றேன்.
சுகராக இருக்கும் என்றாள் நர்சு.
சூடு என்று வெந்தயம் ஊறவைத்தாள் நாத்தனார்.
உடம்பில் எங்கே என்று
யாரும் கேட்கவில்லை.
கேட்காததில் எனக்கு நிம்மதி.

தீட்டு நின்று ஏழு வருசம்.
உட்கார்ந்து எழுந்த கோதுமைச் சாக்கில்
ஒரு ரூபாய் அகலம் ரத்தம்.
சாக்கைத் திருப்பிப் போட்டேன்.
கடையைப் பூட்டினேன்.
மதுரைக்கு பஸ் ஏறினேன்.

பெரியாஸ்பத்திரியில்
என் மகளைவிடச் சின்ன டாக்டர்.
கடலைப்பருப்பளவு சதை வெட்டி
பாட்டிலில் போட்டு அனுப்பினாள்.
இரண்டு வாரம் கழித்து,
"அபூர்வமா வர்றதும்மா இது."

அபூர்வம்.
வலம்புரிச் சங்குக்குச் சொல்வார்கள்.
மேலத்தெரு வாத்தியார் வீட்டில்
நடுராத்திரி நிசாகந்தி பூத்தபோது சொன்னார்கள்.

"கர்ப்பப்பையா டாக்டர்?"
ஆமாம் என்று சொல்லிவிடேன் என்றிருந்தது.
கர்ப்பப்பை என்றால் வெளியில் சொல்லலாம்.
பிள்ளை சுமந்தது, அதற்கொரு மரியாதை.
இது அதன் வாசல்.
வாசலுக்கு எங்கள் ஊரில் இருப்பதெல்லாம் வசவு.
பாமாயில் தீர்ந்துவிட்டது என்றால்
ஆம்பிளைகள் என் முகத்துக்கு நேரே
எறிகிற சொல்.
டாக்டர் சீட்டில் எழுதிக் காட்டினாள்:
பிறப்புறுப்பு.
இரவல் சேலை மாதிரி
வாயில் நிற்காமல் நழுவியது.

காப்பீட்டு வரிசையில்
எனக்குப் பின்னால் நாற்பது பேர்.
"எந்த இடம்மா? சத்தமாச் சொல்லுங்க,
ஃபேன் இரையுது."
காலுக்கு என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது.
கார்டு நம்பர் கூப்பிடுகிற குரலில்
சொன்னேன்.
அவர் நிமிரவில்லை.
தட்டச்சிட்டுவிட்டு, "செல் நம்பர்?" என்றார்.

அவ்வளவுதான்.
இரண்டு வருசம் அவ்வளவுதான்.

பின்னால் நின்றவள்
என் முந்தானையைச் சுண்டினாள்.
மேலூர்ப் பக்கம், அழகுநாச்சி.
"எனக்கும் அங்கதான்.
யாருக்குன்னு சொல்லிக் களிம்பு வாங்குனீக?"
"காலுக்கு. நீ?"
"மாட்டுக்கு."
இரண்டு அபூர்வமும்
வரிசை திரும்பிப் பார்க்கச் சிரித்தோம்.

வார்டில் அவளுக்கு அடுத்த கட்டில்.
ரொம்பப் பிந்திவிட்டது என்றார்கள்.
ஆவணியில் அவள் மாடு கன்று போட்டதாம்,
அவள் மகன் போன் பண்ணினான்.
காரியத்துக்கு மறுநாள்.

எனக்கு வெட்டி எடுத்தார்கள்.
இடுப்பு மடிப்பில் நெறிக்கட்டிகளையும்.
நீர் வடிய வழியில்லாமல்
இடது கால் வீங்கிக் கிடக்கிறது,
வலதைவிட இரண்டு கிலோ கூட.
தராசு வேண்டாம், தெரியும்.

இறுக்கமான காலுறை வாங்க
அதே மெடிக்கல்.
"எந்தக் கால் அத்தை?"
"இடது."
இந்தத் தடவை நிஜம்.
"என்னாச்சு?"

சொன்னேன்.
எங்கே என்றும் சொன்னேன்.

சில்லறையை எண்ணினான்.
மறுபடி எண்ணினான்.
பத்து ரூபாய் கூடுதலாக இருந்தது,
திருப்பிக் கொடுத்தேன்.